பந்தயம் கட்டிய மருத்துவர்

போலந்து நாட்டின் தலைநகர் வார்சா. அங்குக் குரோக்மால்னா தெருவில் 92ஆம் எண் கொண்ட கட்டடத்தில் ஏறத்தாழ நூறு யூதச் சிறுவர் சிறுமியர் வாழ்ந்து வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெற்றோரை இழந்தவர்கள், வறுமையில் வாடியவர்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்களுள் சிலர் ஒரு மருத்துவரைத் தேடிச் செல்வார்கள். காய்ச்சலுக்கு மருந்து கேட்க அவர்கள் செல்வதில்லை. அவரோடு பந்தயம் கட்டச் செல்வார்கள்.

அந்தப் பந்தயம் விந்தையானது. அடிக்கடி சண்டையிடும் சிறுவன் ஒருவன், அடுத்த வாரம் தான் எத்தனை முறை சண்டையிடுவான் என்று ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். இனிமேல் சண்டையே போடமாட்டேன் என்று ஒருவன் வீறாப்பாகச் சொன்னால் மருத்துவர் தயங்குவார். அவ்வளவு பெரிய உறுதிமொழி வேண்டாம். சிறிது குறைத்துக்கொண்டால் போதும் என்பது அவர் அறிவுரை. சென்ற வாரம் ஏழு சண்டை என்றால், இந்த வாரம் ஆறோ ஐந்தோ போதும். சொன்ன எண்ணைத் தாண்டாமல் இருந்தால் மிட்டாய் பரிசாகக் கிடைக்கும். சண்டைகளை எண்ணக் கண்காணிப்பாளர் எவரும் இல்லை. வாரக் கடைசியில் சிறுவன் சொல்வதே கணக்கு. மருத்துவர் அதனை அப்படியே நம்புவார். பொய் பேசுவது, கெட்ட சொற்களைச் சொல்வது போன்ற பழக்கங்களுக்கும் இவ்வாறே பந்தயம் உண்டு.

பந்தயம் கட்டிய அந்த மருத்துவர்தான் யானுஷ் கோர்ச்சாக். குழந்தைகளின் சினத்தையும் அச்சத்தையும் அழுகையையும் பிரம்பால் அடக்க முயன்ற காலத்தில், விளையாட்டின் துணைகொண்டு அவற்றை ஆளக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

இளமைக் காலம்

கோர்ச்சாக்கின் இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். அவர் வார்சாவில் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் ஜூலை 22ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்த ஆண்டு 1878 என்றும் 1879 என்றும் இருவகையாகக் குறிக்கப்படுகிறது. தந்தையார் ஒரு வழக்கறிஞர். வீட்டில் எல்லாம் இருந்தும் சிறுவன் ஹென்ரிக்குக்கு ஒரு குறை இருந்தது. முற்றத்தில் ஆடிப்பாடும் ஏழைப் பிள்ளைகளோடு விளையாட அவனுக்கு அனுமதி இல்லை. அழுக்கும் கிழிசலும் பசியும் கொண்ட பிள்ளைகளே இல்லாத உலகை உண்டாக்க வேண்டும் என்று ஐந்து வயதிலேயே தன் பாட்டியிடம் அவன் சொன்னானாம். பணத்தை ஒழித்துவிட்டால் அது நடந்துவிடும் என்பது அப்போதைய அவனது திட்டம்!

அக்காலத்துப் பள்ளிகளில் பிரம்படி வழக்கமாக இருந்தது. சக மாணவன் ஒருவன் அடிவாங்கியதைக் கண்ட காட்சி ஹென்ரிக்கின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. பின்னர்த் தந்தையார் மனநோயுற்றார். 1896ஆம் ஆண்டில் காலமானார். குடும்பத்தின் செல்வம் கரைந்தது. பள்ளி மாணவனாக இருந்த ஹென்ரிக், பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். 1898ஆம் ஆண்டில் இலக்கியப் போட்டி ஒன்றுக்காக ஒரு புதினத்திலிருந்து எடுத்துச் சூட்டிக்கொண்ட புனைபெயர்தான் யானுஷ் கோர்ச்சாக். அப்பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது. அவர் வார்சாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று குழந்தைநல மருத்துவர் ஆனார்.

காட்டில் கற்ற பாடம்

ஏழைச் சிறுவர்களுக்காகக் கிராமப்புறத்தில் கோடைக்கால முகாம்கள் நடத்தப்பட்டு வந்தன. இளைஞராக இருந்த கோர்ச்சாக் ஒரு முகாமில் முப்பது சிறுவர்களைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். பலகை விளையாட்டுகள், பாட்டுப்பெட்டி, சுவரில் படம் காட்டும் விளக்கு எனப் பலவற்றை மகிழ்ச்சியோடு எடுத்துச் சென்றார். இத்தனை விளையாட்டுப் பொருள்கள் இருக்கும்போது பிள்ளைகள் சொன்னபடி கேட்கமாட்டார்களா என்று எண்ணினார்.

நடந்ததோ வேறு. ஓர் இரவில் படுக்கையறையில் ஒரே கூச்சல். கோர்ச்சாக் பொறுமையிழந்து கத்தினார். ஒரு சிறுவனின் காதைப் பிடித்து இழுத்து மிரட்டினார். பிள்ளைகள் அடங்கவில்லை. கழிகளை ஒளித்து வைத்துக்கொண்டு கலகம் செய்யவும் திட்டமிட்டனர். கோர்ச்சாக் திகைத்தார். பின்னர் ஒரு நாள் அவர்களைக் காட்டுக்கு அழைத்துச் சென்று உட்காரவைத்தார். இம்முறை அவர்களுக்கு எதுவும் கட்டளையிடவில்லை. என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்டார். குழந்தைகளை நோக்கிப் பேசுவது வேறு, குழந்தைகளோடு பேசுவது வேறு என்பதை முதன்முதலாக அன்றுதான் உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார்.

விளையாட்டுப் பொருள்களை அள்ளிக் கொடுப்பதால் மட்டும் குழந்தையின் மனம் அமைதியடைவதில்லை. தன்னையும் ஓர் ஆளாக மதித்து விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும் ஒருவர் அதற்குத் தேவை. கோர்ச்சாக் பின்னர்ச் செய்த பணிகளுக்கெல்லாம் இந்தப் பாடமே அடித்தளமாயிற்று.

விளையாட்டாக நடந்த இல்லம்

1912ஆம் ஆண்டில் குரோக்மால்னா தெருவில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் திறக்கப்பட்டது. நல்ல வருவாயும் புகழும் தந்த மருத்துவமனைப் பணியை விட்டுவிட்டுக் கோர்ச்சாக் அதன் தலைவரானார். இல்லத்தின் மாடியறை ஒன்றில் தங்கினார். ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா என்னும் அம்மையார் இல்லத்தின் அன்றாடப் பணிகளைத் திறம்படக் கவனித்துக்கொண்டார்.

இல்லத்துக்கு வந்த பிள்ளைகள் பசியையும் வன்முறையையும் கண்டவர்கள். சிறு சொல்லுக்கும் சீறுவார்கள், காரணமின்றி அழுவார்கள். அவர்களைத் திருத்த நீண்ட அறிவுரைகள் பயன்படமாட்டா என்பதைக் கோர்ச்சாக் அறிந்திருந்தார். எனவே, சில ஏற்பாடுகளைச் செய்தார். ஒவ்வொன்றும் விளையாட்டுப் போலவே தோன்றும்.

பந்தயத்தையே மீண்டும் எண்ணிப் பார்ப்போம். எத்தனை சண்டை என்று எண்ணத் தொடங்கும் சிறுவன் தன்னைத்தானே கவனிக்கத் தொடங்குகிறான். கை ஓங்கும்போதே எண்ணிக்கை அவன் நினைவுக்கு வருகிறது. இலக்கு சிறியதாக இருப்பதால் வெற்றி எட்டும் தூரத்தில் இருக்கிறது. தோற்றாலும் அவமானமில்லை, மறுவாரம் மீண்டும் பந்தயம் கட்டலாம். தண்டனைக்கு அஞ்சும் பிள்ளை தன் தவற்றை மறைக்கப் பார்ப்பான். பந்தயம் கட்டிய பிள்ளையோ தன் தவற்றைத் தானே எண்ணிச் சொல்வான்.

இல்லத்தில் ஓர் அஞ்சல் பெட்டியும் இருந்தது. மனக்குறையோ கேள்வியோ வேண்டுகோளோ எதுவாயினும் எழுதி அதில் போடலாம். எழுத முனையும்போதே பாதி சினம் தணிந்துவிடும். உடனே பதில் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் காத்திருக்கவும், எது பெரிய குறை, எது அற்பக் குறை என்று பிரித்தறியவும் அப்பெட்டி கற்றுக்கொடுத்தது. பிள்ளைகளின் பால்பற்கள் விழுந்தால் கோர்ச்சாக் அவற்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். பல் ஆடும்போது ஏற்படும் அச்சம், அதை விற்கப்போகும் ஆவலாக மாறிவிடும்!

கோர்ச்சாக்குக்கும் சினம் வரும். ஆனால், அதையும் அவர் விளையாட்டாக்கினார். முரட்டுத்தனம் செய்யும் சிறுவனை இழிவான சொற்களால் திட்டாமல் சூறாவளி என்றும் ஓயாத இயந்திரம் என்றும் வேடிக்கையாக அழைப்பார். பகல் உணவுவரை உன்மேல் கோபம் என்றோ, இரவு உணவுவரை கோபம் என்றோ கால வரையறை சொல்லிவிடுவார். அதுவரை அவனோடு பேசமாட்டார். குறித்த நேரம் வந்ததும் கோபம் முடிந்துவிடும். பெரியவரின் சினம் எப்போது தீரும் என்று தெரியாமல் தவிப்பதே குழந்தைக்குப் பெருந்துன்பம். சினத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அது தீர்ந்தபின் அன்பு அப்படியே இருக்கும் என்பதைப் பிள்ளைகள் அவரிடம் நேரில் கண்டார்கள்.

பிள்ளைகளின் நீதிமன்றம்

இவை அனைத்திலும் புகழ்பெற்றது பிள்ளைகளின் நீதிமன்றம். ஒருவன் தன்னை அடித்துவிட்டால் திருப்பி அடிக்க வேண்டியதில்லை, வழக்குத் தொடுக்கலாம். வாரந்தோறும் நீதிமன்றம் கூடும். அந்த வாரத்தில் எந்த வழக்கிலும் சிக்காத பிள்ளைகளிலிருந்து ஐவர் குலுக்கல் முறையில் நீதிபதிகளாகத் தேர்ந்தெடுக்கப்படுவர். சட்ட நூலைக் கோர்ச்சாக் எழுதினார். அதன் முதல் 99 விதிகளும் மன்னிப்பதற்கும் வழக்கைக் கைவிடுவதற்கும் உரியவை. நூறாம் விதி, குற்றம் நடந்தது உண்மை என்று மட்டும் கூறும். அதன்பின் 200, 300 என்று விதிகள் கடுமையாகிக்கொண்டே போகும். ஆயிரமாவது விதி இல்லத்தை விட்டு வெளியேற்றுவது. பெரும்பாலான வழக்குகள் மன்னிப்பிலேயே முடிந்தன.

பெரியவர்கள்மீதும் வழக்குத் தொடுக்கலாம். ஆறு மாதத்தில் கோர்ச்சாக்மீதே ஐந்து வழக்குகள் வந்தன. ஒரு சிறுவனின் காதில் அறைந்தது, ஒருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியது, ஒரு சிறுமியைத் திருட்டுக் குற்றத்துக்காக ஐயுற்றது ஆகியன அவற்றுள் சில. அவர் கூண்டில் நிற்க வெட்கப்படவில்லை. தம்மை நல்ல ஆசிரியராக்கியவை அந்த வழக்குகளே என்று எழுதினார். விளையாட்டின் விதி எல்லாருக்கும் பொது. பெரியவருக்கு மட்டும் விதிவிலக்கு என்றால் அது விளையாட்டாகாது.

இந்நீதிமன்றம் எப்போதும் குறையின்றி நடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு கட்டத்தில் பிள்ளைகள் அதனை மதிக்காமல் போகவே, கோர்ச்சாக் சில வாரங்கள் அதனை நிறுத்தி வைத்தார். பின்னர்க் குறைகளைத் திருத்தி மீண்டும் தொடங்கினார்.

எழுத்தாளரும் வானொலி மருத்துவரும்

முதல் உலகப் போரின்போது கோர்ச்சாக் படை மருத்துவராகப் பணியாற்றினார். குண்டுகள் வெடித்த போர்க்களச் சூழலில்தான் குழந்தையை எவ்வாறு நேசிப்பது என்பதைப் பற்றிய தம் சிறந்த நூலை எழுதினார். 1920களில் வெளிவந்த அவரது சிறுவர் புதினம் மன்னன் மாச்சியுஷ் என்னும் சிறுவனின் கதை. சிறு வயதிலேயே அரியணை ஏறும் மாச்சியுஷ், பிள்ளைகளுக்கென ஒரு நாடாளுமன்றத்தை அமைக்கிறான். அவன் பல தவறுகள் செய்கிறான். இறுதியில் எல்லாவற்றையும் இழக்கிறான். குழந்தைகளின் துயரம் பெரியவர்களின் துயரத்துக்குக் குறைந்ததன்று என்பதை அக்கதை உணர்த்துகிறது.

1926ஆம் ஆண்டில் பிள்ளைகளே எழுதும் வார இதழ் ஒன்றைக் கோர்ச்சாக் தொடங்கினார். 1930களில் வானொலியில் முதிய மருத்துவர் என்னும் பெயரில் பேசினார். யூதர்மீது வெறுப்பு வளர்ந்து வந்த காலமாதலால் அவரது பெயர் அறிவிக்கப்படவில்லை. ஆயினும், அக்குரலுக்காகப் போலந்து மக்கள் காத்திருந்தனர். அந்த உரைகள் 1939ஆம் ஆண்டில் நூலாயின. அந்நூலின் பெயர் வேடிக்கைக் கல்வியியல் எனப் பொருள்படும். அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நாஜி ஜெர்மனி போலந்தைத் தாக்கியது.

மதிலுக்குள் ஒரு நாடகம்

1940ஆம் ஆண்டில் வார்சாவின் யூதர்கள் அனைவரும் நகரின் ஒரு பகுதிக்குள் அடைக்கப்பட்டனர். அதனைச் சுற்றி உயர்ந்த மதில் எழுப்பப்பட்டது. கோர்ச்சாக்கின் இல்லமும் குரோக்மால்னா தெருவை விட்டு மதிலுக்குள் செல்ல நேர்ந்தது. அப்போது பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டியைக் காவலர்கள் பறித்துக்கொண்டனர். அதனைத் திருப்பிக் கேட்கச் சென்ற கோர்ச்சாக் சிறையில் அடைக்கப்பட்டார். யூதர் அணிய வேண்டிய கைப்பட்டையையும் அவர் அணிய மறுத்திருந்தார். ஒரு மாதம் அளவில் சிறையிலிருந்து உடல் நலிந்து திரும்பினார்.

மதிலுக்குள் பசியும் நோயும் நாளும் உயிர்களைப் பறித்தன. தெருக்களில் பிணங்கள் கிடந்தன. இல்லத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கை இருநூறு அளவுக்கு உயர்ந்தது. முதுமையும் நோயும் வாட்டிய நிலையிலும் கோர்ச்சாக் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்காக உணவு கேட்டார். இல்லத்துக்குள் பாடங்களும் கூட்டங்களும் வழக்கம்போல் நடந்தன. வெளியுலகில் எந்த ஒழுங்கும் எஞ்சாதபோது, தங்களுக்குப் பழகிய விதிகளே பிள்ளைகளின் மனத்தைத் தாங்கிப் பிடித்தன.

1942ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் இல்லத்துப் பிள்ளைகள் ஒரு நாடகத்தை அரங்கேற்றினர். இந்தியக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் எழுதிய அஞ்சல் நிலையம் என்னும் நாடகம் அது. அமல் என்னும் சிறுவன் நோயுற்றிருக்கிறான். வெளியே போகக் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிடுகிறார். சன்னலருகே அமர்ந்து, தெருவில் செல்லும் தயிர்க்காரரோடும் காவலரோடும் பிள்ளைகளோடும் அவன் பேசி மகிழ்கிறான். அரசரிடமிருந்து தனக்கு மடல் வரும் என்று காத்திருக்கிறான். இறுதியில் அமைதியாகக் கண் மூடுகிறான்.

மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு அமல் அயலானல்லன். வெளியே போக முடியாத ஏக்கம், வரப்போவது என்ன என்ற அச்சம் ஆகிய அனைத்தும் அவர்களுக்கும் உண்டு. அவற்றை நேரடியாகப் பேச அவர்களால் இயலாது. அமலாக நடித்தபோது பேச முடிந்தது. மரணத்தை அமைதியோடு எதிர்கொள்ளப் பிள்ளைகள் பழக வேண்டும் என்பதற்காகவே கோர்ச்சாக் அந்நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று கூறுவர்.

நாடகம் நடந்த நான்காம் நாள், மதிலுக்குள் இருந்தவர்களை ரயிலேற்றிக் கொலை முகாமுக்கு அனுப்பும் பணி தொடங்கியது. அன்று ஜூலை 22, கோர்ச்சாக்கின் பிறந்தநாள். ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் இல்லத்தின் முறை வந்தது. கோர்ச்சாக்கைத் தப்பவைக்க நண்பர்கள் முன்பே பலமுறை முயன்றிருந்தனர். பிள்ளைகளை விட்டுவிட்டு வர அவர் ஒருமுறையும் இசையவில்லை. ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளும் வரிசையாக நடந்தனர். கோர்ச்சாக்கும் ஸ்டெஃபானியாவும் மற்றப் பணியாளர்களும் அவர்களுடன் நடந்தனர். டிரெப்ளிங்கா என்னும் கொலை முகாமிலிருந்து அவர்களுள் எவரும் திரும்பவில்லை.

விளையாட்டும் உரிமையே

கோர்ச்சாக்கின் பந்தயங்களும் நீதிமன்றமும் நாடகமும் அப்பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றவில்லை. கொலைகாரர்களின் கையில் இருந்ததை எந்த விளையாட்டாலும் மாற்றியிருக்க முடியாது. ஆனால், இறுதி நாள்வரை அவர்களை அச்சத்துக்கு மட்டுமே உரியவர்களாக ஆகிவிடாமல் காத்தவை அவை. முப்பது ஆண்டுகளில் அந்த இல்லத்தில் வளர்ந்து வெளியேறிய வேறு பல பிள்ளைகள் உலகின் பல நாடுகளில் வாழ்ந்து, தங்கள் மருத்துவர் ஐயாவைப் பற்றிச் சொல்லிவந்தனர்.

டிரெப்ளிங்காவில் இன்று ஆயிரக்கணக்கான கற்கள் நினைவுச் சின்னமாக நடப்பட்டுள்ளன. அவற்றுள் தனிமனிதர் ஒருவரின் பெயர் பொறிக்கப்பட்ட கல் ஒன்றே ஒன்று. அதில் கோர்ச்சாக்கின் பெயரும் குழந்தைகள் என்னும் சொல்லும் உள்ளன.

குழந்தைகளின் உரிமைகளுக்கு உலக உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று 1978ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைப்பில் முன்மொழிந்த நாடு, கோர்ச்சாக் பிறந்த போலந்து. 1989ஆம் ஆண்டில் அந்த உடன்படிக்கை நிறைவேறியது. மலேசியா 1995ஆம் ஆண்டில் அதில் இணைந்தது. அதன் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று அறிவிக்கிறது.

தம்பி தங்கையர் சினந்து கத்தும்போது நாமும் கத்துவது எளிது. சற்று நின்று, அந்தச் சினத்தை ஓர் எண்ணாகவோ மடலாகவோ கதையாகவோ மாற்ற அவர்களுக்குத் துணைநிற்பது கடினம். அதற்குப் பொறுமை வேண்டும். முதலில் நம் சினத்துக்கு நாமே எல்லை வகுக்க வேண்டும். கோர்ச்சாக் தம் வாழ்நாள் முழுவதும் செய்தது அந்தக் கடினமான வேலையைத்தான்.

சிந்தித்து விடையளி

1. சண்டையே போடமாட்டேன் என்று உறுதியளித்த சிறுவனிடம் கோர்ச்சாக் தயங்கியது ஏன்?
2. கோடைக்கால முகாமில் விளையாட்டுப் பொருள்கள் இருந்தும் கோர்ச்சாக்கின் முதல் முயற்சி தோல்வியடைந்தது ஏன்?
3. கோர்ச்சாக் தம் கோபத்துக்குக் கால வரையறை வைத்ததால் பிள்ளைகள் அடைந்த பயன் யாது?
4. பெரியவர்கள்மீதும் வழக்குத் தொடுக்கலாம் என்ற விதி இல்லாதிருந்தால், பிள்ளைகளின் நீதிமன்றம் எவ்வாறு மாறியிருக்கும்? குழுவில் கலந்துரையாடுக.
5. உன் வகுப்பில் எழும் ஒரு பூசலைத் தணிக்க உதவும் விளையாட்டு முறை ஒன்றை உருவாக்கி, அதன் விதிகளை எழுதுக.